மாமாவின் முதுகும் ஜீப்பின் முன் ஆக்ஸிலும்

போன செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா போன் செய்தார். அவர் வழக்கமாக அம்மாவிடம்தான் பேசுவார். என் நம்பருக்குக் கூப்பிட்டால் ஒன்று பொங்கலாக இருக்கும், இல்லையென்றால் ஏதோ விஷயம் இருக்கும். அன்றைக்குப் பொங்கல் இல்லை.

“மருமகனே, வண்டிய மாத்திரலாம்னு இருக்கேன். நீ மெக்கானிக்கல்தான படிக்கிற? எத எடுக்கலாம்னு சொல்லு.”

மாமா சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறார். மூணாறு பக்கம் போனவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். அங்கிருந்துதான் கொழுக்குமலைக்கு ஜீப்புகள் கிளம்பும். கொழுக்குமலை இருப்பது நம் தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஏறக்குறைய எட்டாயிரம் அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம், 1930களில் கட்டிய ஒரு தேயிலைத் தொழிற்சாலை, விடிகாலையில் மேகத்துக்கு மேலே எழும்பும் சூரியன். இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் அரைத் தூக்கத்தில் எழுந்து நாலு மணிக்கு ஜீப் ஏறுகிறார்கள். பாதை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் வற்றியதும் கிடக்குமே கல், அதைச் சரிவாக நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும்.

மாமாவின் ஜீப் என்னைவிட வயதில் மூத்தது. முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங். அந்தப் பாதையில் தினம் போய் வந்து மாமாவுக்கு இடுப்புக்கு மேலே தீராத வலி. போடியில் டாக்டரிடம் காட்டினால், “வண்டி ஓட்டுறதக் குறைச்சுக்கங்க” என்றாராம். ஓட்டுவதைக் குறைத்தால் வீட்டில் உலை வைப்பதும் குறையும். ஆகவே ஓட்டுவதைக் குறைக்காமல் வண்டியை மாற்றுவது என்று முடிவு. ஏழு வருஷத் தவணை. அத்தையின் வளையல் வரைக்கும் கணக்கில் வந்துவிட்டது.

நான் இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு சொன்னேன்.

“மாமா, உங்க வண்டில இருக்கிறது சாலிட் ஆக்ஸில். அது அந்தக் காலத்து டெக்னாலஜி. வித்துட்டு ஐ.எஃப்.எஸ். இருக்கிற வண்டியா எடுங்க.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஐ.எஃப்.எஸ்.னா பாரஸ்ட் ஆபீசர்ல? அவருக்கு நம்ம வண்டில என்ன வேல?”

சிரித்துவிட்டு, “இல்ல மாமா, இண்டிபெண்டன்ட் ஃப்ரண்ட் சஸ்பென்ஷன்” என்று விரித்துச் சொல்லிவிட்டு, படிக்கப் போய்விட்டேன். அந்த இரண்டு நிமிடத் தீர்ப்பு எவ்வளவு அரைவேக்காடு என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்தக் கதைதான் இது.

தண்ணி லாரிப் பாடம்

மெக்கானிக்கல் படிக்காத புண்ணியவான்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். படம் வரைந்து காட்டலாம். ஆனால் அதைவிட நல்ல வழி, தரமணி ஸ்டேஷன் பக்கம் நாங்கள் டீ குடிக்கும் கடை வாசலில் பத்து நிமிடம் நிற்பது. எதிரே சாலையில் இடது பக்கம் மட்டும் ஒரு பள்ளம். எத்தனை முறை மூடினாலும் ஒரு மழைக்கு மேல் தாங்காது.

முதலில் ஒரு தண்ணி லாரி வரும் (எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை). அதன் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் தண்டே சாயும். வலது சக்கரம் நல்ல தார் ரோட்டில்தான் ஓடுகிறது, ஆனாலும் தலையைச் சாய்த்துக்கொள்ளும். லாரி ஒரு ஆட்டம் ஆடும். மேல் மூடியிலிருந்து தண்ணீர் தளும்பி, பக்கத்தில் நிற்கும் நம் சட்டையில் விழும். இதுதான் சாலிட் ஆக்ஸில். தராசு மாதிரி. ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டுக்குத் தெரியாமல் இருக்காது.

பின்னாலேயே ஒரு கால் டாக்ஸி வரும். அதே பள்ளம். இடது முன் சக்கரம் மட்டும் இறங்கி ஏறும். வலது சக்கரத்துக்குத் தகவலே போகாது. பானெட் லேசாக அசைந்ததோடு சரி. இதுதான் ஐ.எஃப்.எஸ். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை, தனித்தனி ஸ்பிரிங்.

மலையேறும் வண்டிகளில் இந்தக் கை பெரும்பாலும் இரட்டை விஷ்போன் என்ற வகை. கோழி நெஞ்சில் இரண்டாகப் பிரியும் எலும்பு ஒன்று இருக்குமே, அந்த வடிவத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் என்பார்கள். சாலிட் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் அந்தத் தண்டின் நடுவில் உருண்டையாகத் தொங்கும். ஐ.எஃப்.எஸ்.ஸில் அதைச் சேஸியோடு சேர்த்துப் பொருத்தி, அங்கிருந்து சக்கரத்துக்கு மடங்கி நிமிரும் இரண்டு ஷாஃப்டுகள் போகும்.

அவ்வளவுதான் விஷயம். இதிலிருந்துதான் எல்லாச் சண்டையும் ஆரம்பிக்கிறது.

புத்தகம் என்ன சொல்கிறது

ஐ.எஃப்.எஸ். ஏன் உசத்தி என்று எங்கள் பாடத்தில் மூன்று காரணம் வரும்.

ஒன்று, எடை. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சுலபமாகச் சக்கரம் மேடு பள்ளத்தைப் பின்பற்றும். சாலிட் ஆக்ஸிலில் தண்டு, டிஃபரன்ஷியல், உள்ளிருக்கும் பல்சக்கரம் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்க வேண்டும். குண்டான ஆள் ஸ்கிப்பிங் ஆடுவது போல.

இரண்டு, ஸ்டியரிங். பம்பரம் சுற்றும்போது அதைச் சாய்த்துப் பாருங்கள். நாம் சாய்க்கும் பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பப் பார்க்கும். வேகமாகச் சுழலும் சக்கரமும் பம்பரம்தான். சாலிட் ஆக்ஸில் சாயும்போது இரண்டு சக்கரமும் சாய்வதால், ஸ்டியரிங் கையில் உதறும். அமெரிக்கக் கார்கள் 1930களில் முன் தண்டைக் கைவிட்டு ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு மாறியதற்கு இந்த உதறலும் ஒரு காரணம்.

மூன்று, சொகுசு. இதற்கு விளக்கம் தேவையில்லை. கால் டாக்ஸியில் போனவர்களுக்கும் தண்ணி லாரியில் போனவர்களுக்கும் தெரியும்.

இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். மனசுக்குள் ஒரு படம் பதிந்துவிட்டது: சாலிட் ஆக்ஸில் என்பது மாட்டு வண்டியின் தம்பி, ஐ.எஃப்.எஸ். என்பது நாகரிகம். மாமாவுக்கு நான் சொன்னது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

அப்போதே கொஞ்சம் யோசித்திருந்தால் இடித்திருக்கும். நம் அம்பாசடர் காருக்கே, அது வந்த 1950களின் கடைசியிலேயே, முன்னால் டார்ஷன் பார் வைத்த ஐ.எஃப்.எஸ். இருந்தது. மாறாக, 2023ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் சாலிட் ஆக்ஸில். அம்பாசடர் நாகரிகம், ஜிம்னி மாட்டு வண்டியா? எங்கேயோ கணக்கு உதைக்கிறது, இல்லையா?

எங்கள் ஊரிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு என்ற காரைச் செய்தது. அதற்குப் பின் சக்கரங்களும் இண்டிபெண்டன்ட், ஸ்விங் ஆக்ஸில் என்ற வகை. ஓட்டுகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972ல் அதன் வழியில் கேஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது கம்பெனி பின்னால் பழையபடி சாலிட் ஆக்ஸிலையே வைத்தது. அது பின் ஆக்ஸில், காரும் ரோட்டுக் கார். இருந்தாலும், ‘பழசு’ என்று நாம் முத்திரை குத்துவது சில இடத்தில் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகவும் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

கொழுக்குமலையில் வைவா

பரீட்சை முடிந்து ராத்திரி பஸ் பிடித்துப் போடி போய், அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தேன். மாமா இன்னும் வண்டியை விற்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஐ.எஃப்.எஸ். வைத்த ஒரு வண்டி இருந்தது (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், அண்ணன் கோபித்துக்கொள்வார்). மாமா அதைத்தான் மாதிரிக்குப் பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் விடிகாலை இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. நான் முதலில் அண்ணன் வண்டியில் ஏறினேன். எஸ்டேட் ரோடு வரைக்கும் என் தீர்ப்புதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மாமாவின் ஹெட்லைட் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட, நாங்கள் சுகமாகப் போனோம்.

கல் பாதை ஆரம்பித்ததும் கதை மாறியது.

ஓரிடத்தில் இடது பக்கம் முன்னால் பள்ளம். வலது பக்கம் பின்னால் பள்ளம். குறுக்குப் பள்ளம். அண்ணன் மெதுவாக இறக்கினார். முன் இடது சக்கரம் கொஞ்சம் இறங்கியது, அதன் கை எட்டியவரை. அதற்கு மேல் எட்டவில்லை. சக்கரம் அந்தரத்தில் நின்றது. எதிர் மூலையில் பின் சக்கரமும் அந்தரத்தில். அண்ணன் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தார். அந்தரத்தில் இருந்த இரண்டும் ஆலைச் சக்கரம் மாதிரி சுற்றின. தரையில் இருந்த இரண்டும் அசையவில்லை.

இது ஏன்? சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும்? ஒன்றுமே இல்லை. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே ‘ஒன்றுமே இல்லை’தான் கிடைக்கும். நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் சக்தி போகிற வண்டிதான். ஆனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தரையை விட்டால் ஒரு சக்கரத்துக்கும் பிரயோஜனமில்லை.

டூரிஸ்டுகளை இறக்கிவிட்டு, ரிவர்ஸ் எடுத்து, ஒரு கல்லை உருட்டிப் போட்டு, அண்ணன் ஒரு வேகத்தில் ஏற்றிவிட்டார். நல்ல டிரைவர்.

அடுத்து மாமா. அதே பள்ளம். முன் இடது சக்கரம் இறங்கியது. தராசு ஞாபகம் இருக்கிறதா? இடது தட்டு இறங்க, வலது தட்டைக் கல் மேலே தள்ளியது. வலது சக்கரம் மேலே போன அளவுக்கு இடது சக்கரம் கீழே அழுந்தியது. நாலு சக்கரமும் தரையில். ஜீப் நடக்கிற மாதிரி தாண்டிப் போனது. மாமா கியரைக்கூட மாற்றவில்லை.

தரமணியில் தண்ணி லாரியை ஆட்டிய அதே குணம் இங்கே வண்டியைக் காப்பாற்றியது. ஒரு சக்கரத்தின் சேதி மறு சக்கரத்துக்குப் போவது வேகமான ரோட்டில் தொல்லை. மெதுவாக ஏறும் பாறையில் அதுதான் உதவி.

மேலே தொழிற்சாலைப் பக்கம் டீ குடித்த பிறகு, பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன் (ஆமாம், கொண்டுபோயிருந்தேன். மெக்கானிக்கல் பையன்களைச் சந்தேகிக்கக் கூடாது). முன் டிஃபரன்ஷியலுக்குக் கீழே தரை வரை அளந்தேன். அண்ணன் வண்டியில் ஒன்பது அங்குலம். மாமா ஜீப்பில் எட்டேகால். “பாத்தீங்களா மாமா” என்று வாயெடுத்தேன். அதற்குள் மாமா இரண்டு பையன்களை அண்ணன் வண்டியின் முன் பம்பரில் ஏறி நிற்கச் சொன்னார். “இப்ப அள.”

ஏழே முக்கால்.

ஜீப் பம்பரில் அதே இரண்டு பேர். எட்டேகால்தான். நூலளவும் மாறவில்லை.

ஐ.எஃப்.எஸ்.ஸில் டிஃபரன்ஷியல் உடம்போடு சேர்ந்தது. பாரம் ஏறினாலோ, சரிவில் முன்பக்கம் அழுந்தினாலோ, ஒரு குதி குதித்து இறங்கினாலோ அதுவும் கூடவே இறங்கும். சாலிட் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்தது. டயர் உயரம் மாறாதவரை அதன் உயரமும் மாறாது. சக்கரம் கல்லில் ஏறினால் தண்டும் கூடவே எழும்பும். கம்பெனிக் கையேட்டில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ் நிற்கும் வண்டிக்கு. பாறை இடிப்பது ஓடும் வண்டியை. இந்த ஒரு வாக்கியம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பம்பரில் ஏறிய இரண்டு பையன்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

இறங்கும்போது இன்னொரு பாடம். அண்ணன் வண்டியில் ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் பால் ஜாயிண்ட் போன மாசம்தான் மாற்றியதாம். ஷாஃப்ட் முனையில் இருக்கும் ரப்பர் உறை கல்லில் கிழிந்து, உள்ளே மண் போய், அதையும் மாற்ற வேண்டியிருந்ததாம். சாமான் கீழே இருந்து வர நாலு நாள். நாலு நாள் வண்டி நின்றால் நாலு நாள் வருமானம் இல்லை. மாமா ஜீப்பில் பட்டை உடைந்தால்? ஊரிலேயே மாற்றலாம். லாரிப் பட்டையை அடித்து அரிவாள் செய்கிற பூமி நம்முடையது, பட்டைக்கா பஞ்சம்?

அப்படியானால் சாலிட் ஆக்ஸில்தான் ராஜாவா?

இப்படித்தான் நானும் நினைத்தேன். ராத்திரி மாமாவிடம், “நான் சொன்னது தப்பு மாமா, வண்டிய மாத்தாதீங்க” என்று இரண்டாவது இரண்டு நிமிடத் தீர்ப்பையும் கொடுத்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். எழும்போது கையைச் சுவரில் ஊன்றி, ஒரு நிமிடம் அப்படியே நின்று, பிறகுதான் நிமிர்ந்தார்.

அதைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. குறுக்குப் பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையில் இருந்தது சரி. அதில் உட்கார்ந்திருக்கும் முதுகுக்கு என்ன பதில்?

தரமணிக்குத் திரும்பி வந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் தெரிந்துகொண்டது, உலகத்தில் யாருமே இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பது.

1941ல் வந்த வில்லீஸ் ஜீப்புக்கு இரண்டு பக்கமும் சாலிட் ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். அமெரிக்க ராணுவம் 1960ல் அதன் வாரிசாக எம்151 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. நாலு சக்கரமும் இண்டிபெண்டன்ட். சொகுசாக ஓடியது, திருப்பத்தில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்ளே மடங்கிக் கவிழ்ந்தது. 1970ல் பின் சஸ்பென்ஷனையே திருத்த வேண்டி வந்தது. சரி, இண்டிபெண்டன்ட் தோற்றுவிட்டது என்று மூட்டை கட்டினால், 1980களில் அதே ராணுவம் ஹம்வீயைக் கொண்டுவந்தது. அதுவும் நாலு சக்கரமும் இண்டிபெண்டன்ட்தான். சக்கர மையத்திலேயே பல்சக்கரம் வைத்து ஷாஃப்டை உயர்த்திவிட்டதால் அடியில் 16 அங்குலம் இடைவெளி. மணலில் பறக்கும் பந்தய வண்டிகளிலும் முன்னால் இண்டிபெண்டன்ட் வைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வேகத்தில் கனமான தண்டைக் குதிக்க வைத்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கோடு மல்யுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தியாவிலும் அப்படித்தான். 1985ல் வந்த ஜிப்ஸிக்கு இரண்டு பக்கமும் சாலிட் ஆக்ஸில், பட்டை. 2020ல் வந்த இரண்டாம் தலைமுறை தார், செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவான வண்டி. தரமணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கு முன்னால் இரட்டை விஷ்போன், பின்னால் சாலிட் ஆக்ஸில், இரண்டிலும் சுருள் ஸ்பிரிங். 2021ல் வந்த கூர்க்காவும் முன்னால் இண்டிபெண்டன்டுக்கு மாறியது. ஆனால் அதற்கு இரண்டு டிஃபரன்ஷியலிலும் லாக் உண்டு. சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் லாக் போட்டால் மறு சக்கரம் இழுக்கும். ஐ.எஃப்.எஸ்.ஸின் குறையை வேறு வழியில் ஈடு கட்டிவிட்டார்கள்.

காரணம் எளிது. இந்த வண்டிகளை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வாரம் முழுக்க ஓ.எம்.ஆரில் ஓட்டிவிட்டு, வருஷத்துக்கு இரண்டு முறை மலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு ஐ.எஃப்.எஸ். சரியான பதில். மாமா வருஷம் முழுக்கப் பாறையில், முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில். அவருக்குச் சாலிட் ஆக்ஸில் சரியான பதில். கேள்வியைக் கேட்காமல் பதிலை மட்டும் மனப்பாடம் செய்தது என் தப்பு.

இரண்டு கேள்வியை ஒன்றாக்கிய கதை

ஆனால் முதுகு? அங்கேதான் எனக்குக் கடைசியாக உறைத்தது.

மாமாவின் முதுகை உடைத்தது ஆக்ஸில் மட்டுமல்ல. அதன் மேல் இருந்த பட்டையும்தான். சொல்லப்போனால் பட்டைதான் அதிகம். ஆக்ஸில் வேறு, ஸ்பிரிங் வேறு. பழைய ஜீப்புகளில் இரண்டும் சேர்ந்தே வந்ததால் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். 1970ல் வந்த ரேஞ்ச் ரோவர், சாலிட் ஆக்ஸிலை வைத்துக்கொண்டே பட்டையை விட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறி, நீளமான ஏற்ற இறக்கம் கொடுத்து, சொகுசுக்குப் பேர் வாங்கியது. ஜிம்னியும் அதே வழிதான். தராசும் வேண்டும், முதுகும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். “எத்தன பேரு உக்காரலாம்?” என்றார். “நாலு.” “டிரைவரோட சேத்தா?” “சேத்துத்தான்.” சிரித்தார். தாரும் நாலு பேர்தான். கூர்க்காவின் ஐந்து கதவு வண்டி 2024ல் வந்தது. ஏழு பேர் உட்காரலாம். விலையைக் கேட்டதும் அத்தை உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் மெஷின் டிசைன் நோட்டைப் புரட்டினேன். பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதம். பரீட்சைக்காகப் படித்த சூத்திரம்தான். “மாமா, பின்னாடி எத்தன பட்ட இருக்குன்னு எண்ணிப் பாருங்க.” எண்ணினார். பத்து. “வாங்கும்போதே அவ்வளவா?” மாமா யோசித்தார். இல்லையாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அந்த ஜீப் எஸ்டேட்டுக்கு உர மூட்டையும் ஏலக்காய் மூட்டையும் ஏற்றியது. பாரம் தாங்க இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். மூட்டை ஏற்றுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. என்றைக்கோ இறக்கிவிட்ட மூட்டைகளை மாமா இத்தனை நாளும் முதுகில் சுமந்திருக்கிறார்!

அடுத்த லீவில் நானும் கூட இருந்தேன். வழக்கமான மெக்கானிக் அண்ணன் கட்டைக் கழற்றினார். பட்டைக்குப் பட்டை துரு. துருப்பிடித்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது; பத்துப் பட்டையும் ஒரே கட்டையாக இறுகி நிற்கும். சின்னக் கல்லுக்கு வளையவே வளையாது, அப்படியே உதை கொடுக்கும். கூடுதலாகப் போட்ட இரண்டையும் எடுத்தோம். விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. மற்றதைத் தேய்த்துக் கிரீஸ் வைத்து, ஷேக்கிள் புஷ் மாற்றி, எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்த ஷாக் அப்சர்வர் நாலையும் மாற்றி, டிரைவர் சீட்டுக்குப் புதுப் பஞ்சு வைத்தோம். கல் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, திரும்பி வந்ததும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் சேர்த்து, புது வண்டியின் ஒரு மாதத் தவணையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

முதுகுவலி மாயமாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. குறைந்திருக்கிறது. எழும்போது சுவரைப் பிடிக்கிறார், ஆனால் ஒரு நிமிடம் நிற்பதில்லை. இருபது வருஷ உதையை ஒரு டப்பா கிரீஸ் துடைத்துவிடாது. இன்னும் எத்தனை சீசன் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு எந்த ஆக்ஸிலும் பதில் இல்லை.

ஆனால் அன்றைக்கு என் இரண்டு நிமிடத் தீர்ப்பை நம்பி ஜீப்பை விற்றிருந்தால்? ஏழு வருஷத் தவணையோடு, அந்தக் குறுக்குப் பள்ளத்தில், ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்ற உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ‘படிச்ச பையன்’ சொன்னால் நம்மைவிட மூத்தவர்கள் அப்படியே கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் இரண்டு நிமிடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செலவழிக்க வேண்டும்.

போன வாரம் மாமா கூப்பிட்டார். பொங்கல் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் தன் வண்டிக்கு டிஃபரன்ஷியல் லாக் போடலாமா என்று என்னிடம் கேட்கச் சொன்னாராம்.

“உடனே சொல்ல முடியாது மாமா. வந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

“இப்பத்தான் மெக்கானிக்கு மாதிரி பேசுற” என்றார்.

டிஸ்கி: தரமணி டீக்கடைப் பாடத்தை நேரில் கவனிக்க விரும்புகிறவர்கள் தண்ணி லாரிக்கு வலது பக்கமாக நிற்கவும். இடது பக்கம் நின்று நனைந்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)